ஒரு மொழிக்கு மட்டும் உரிமமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வசிப்போர் 3,80,581 பேர். வங்காளத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் அவர்களில் ஏறக்குறைய 28 சதவீதம். இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13 சதவீதம். நிக்கோபாரியும் மலையாளமும் தலா 7 சதவீதத்தைச் சற்றே தாண்டும். எந்த மொழிக்கும் பெரும்பான்மை இல்லாத மண் இது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் போன்ற குடியிருப்புகளில் வெவ்வேறு தாய்மொழிக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. வீட்டுக்குள்ளேயே பெரியவர்கள் படிக்கும் மொழி ஒன்றாகவும் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மொழி வேறாகவும் இருப்பது அங்கே இயல்பு. இப்படிப்பட்ட ஊருக்குக் கப்பலிலும் விமானத்திலும் வந்து சேரும் வீட்டு உபயோக மடிக்கணினிகளில் பரவலாக ஏற்றப்பட்டிருப்பது ‘விண்டோஸ் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்ற பதிப்பு. ஒரே ஒரு மொழியில்தான் திரையைக் காட்டுவேன் என்று உரிமத்திலேயே கட்டுப்பாடு போட்டுக்கொண்டு வரும் பதிப்பு அது. நாட்டிலேயே மொழிகள் மிக அதிகமாகக் கலந்து வாழும் ஓர் இடத்துக்கு, மொழியை மாற்ற முடியாத கணினி போய்ச் சேர்கிறது. தொழில்நுட்பம் இதை விதிக்கவில்லை. ஒரு வணிக முடிவு விதித்திருக்கிறது. வணிக முடிவை மாற்றச் சொல்லிக் கேட்க முடியும், கேட்டாக வேண்டும்.

மடிக்கணினி வாங்குகிறவர் பார்ப்பது பிராசஸர், ரேம், ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி, திரையின் அளவு, விலை. விண்டோஸ் இருக்கிறதா என்று கேட்பார். எந்த விண்டோஸ் என்று கேட்பவர் அரிது. விளம்பரங்களிலும் ‘விண்டோஸ் 11’ என்ற இரண்டு சொற்களே பெரிய எழுத்தில் இருக்கும். அந்தப் பெயருக்குள் வீட்டுக்கென ஹோம், அதிலேயே மொழி முடக்கப்பட்ட சிங்கிள் லாங்குவேஜ், சிறு வணிகத்துக்கும் தொழில்முறைப் பயனர்களுக்கும் புரோ, பெரு நிறுவனங்களுக்கு என்டர்பிரைஸ், கல்வி நிலையங்களுக்கு எஜுகேஷன் எனப் பல பதிப்புகள் உள்ளன. திரையில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு உள்ளே இருக்கிறது. வட்டு முழுவதையும் நம் விருப்பப்படி குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர், வேறு இடத்திலிருந்து நம் கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப், நிறுவனக் கணினிகளை மொத்தமாக நிர்வகிக்கும் குரூப் பாலிசி, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி ஆகியவை ஹோமில் கிடையா, புரோவில் உண்டு. ஹோம் 128 ஜிபி ரேமுக்கு மேல் ஏற்காது. புரோ 2 டிபி வரை ஏற்கும். கடைசியாகச் சொன்னதைப் பற்றி எந்தக் குடும்பமும் கவலைப்படப் போவதில்லை. மற்றவற்றில் சில அப்படிப்பட்டவை அல்ல.

இந்தப் பதிப்புகள் தனித்தனியாக எழுதப்பட்ட மென்பொருள்கள் அல்ல என்பதை முதலில் மனதில் நிறுத்த வேண்டும். ஹோம் பதிப்பு ஓடும் கணினியில் புரோவுக்கான 25 எழுத்துக் குறியீட்டைப் பணம் கட்டி வாங்கி உள்ளிட்டால், புதிதாக எதையும் நிறுவாமல், சில நிமிடங்களில் ஒருமுறை அணைந்து எழுந்து அதே கணினி புரோவாகிவிடுகிறது. கோப்புகள் முன்பே வட்டில் இருக்கின்றன. வீட்டைக் கட்டி முடித்து, ஓர் அறையைப் பூட்டி, சாவிக்குத் தனி விலை சொல்வது போன்ற ஏற்பாடு இது. அமெரிக்காவில் ஹோமின் சில்லறை விலை 139 டாலர், புரோவின் விலை 199 டாலர், ஹோமிலிருந்து புரோவுக்கு மாற 99 டாலர். இந்த விலை வித்தியாசத்துக்கு எதிராகக் கூடுதலாக ஒரு வரி நிரலும் அனுப்பப்படுவதில்லை. அனுமதிதான் அனுப்பப்படுகிறது. ஆகவே ஒரு வசதி ஹோமில் இல்லையென்றால் அதைத் தர இயலாது என்று பொருள் கொள்ளக் கூடாது. தர வேண்டாம் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். ஏன் அப்படித் தீர்மானித்தீர்கள் என்று கேட்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு.

ஏழை நாடுகளுக்கென வசதி குறைத்த பதிப்பை விற்கும் வழக்கம் புதிதல்ல. 2005இல் இந்தியாவில் இந்தியில் அறிமுகமான விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் பதிப்பில் ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க முடியாது. வீட்டிலுள்ள கணினிகளை வலையமைப்பில் இணைக்கவும் வழியில்லை. முதன்முறை கணினியைத் தொடுபவருக்கு எளிமையாக இருக்கட்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2009இல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் மூன்று நிரல் வரம்பை வெளியீட்டுக்கு முன்பே கைவிட்டார்கள். ஆனால் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாதபடி வைத்தார்கள். பின்னணிப் படத்தை மாற்றவிடாததால் யாருக்கு என்ன எளிமை கிடைத்தது என்பதற்கு விளக்கம் கிடையாது. விலை உயர்ந்த பதிப்பை வாங்கத் தூண்டுவதற்காகவே மலிவான பதிப்பில் குறை வைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மொழி விஷயத்தில் கதை இன்னும் விசித்திரமாகப் போனது. விண்டோஸ் 7இல் முழு மொழித் தொகுப்புகளை மாற்றிக்கொள்ளும் வசதி அல்டிமேட், என்டர்பிரைஸ் பதிப்புகளுக்கு மட்டுமே இருந்தது என்றாலும், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான இடைமுகத் தொகுப்பை எந்தப் பதிப்பிலும் இலவசமாக ஏற்றிக்கொள்ள முடிந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது மொழித் தொகுப்புகள் எல்லாப் பதிப்புகளுக்கும் திறந்துவிடப்பட்டன. உலகம் முழுவதற்கும் கதவு திறந்த அதே தலைமுறையில்தான், வளரும் சந்தைகளில் விற்கப்படும் கணினிகளுக்கென்று சிங்கிள் லாங்குவேஜ் என்ற பதிப்பும் தனியே பிறந்தது.

இந்தப் பதிப்பில் மொழியை மாற்ற முயன்றால், உங்கள் விண்டோஸ் உரிமம் ஒரே ஒரு காட்சி மொழிக்கு மட்டுமே இடம் தருகிறது என்ற செய்தி திரையில் வரும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உதவிக் குறிப்பு இதை மறைக்கவில்லை: புதிய மொழி சேர்க்க வேண்டுமானால் ஹோம் அல்லது புரோ பதிப்புக்குப் பணம் கட்டி மாற வேண்டும் என்று அதுவே சொல்கிறது. தமிழில் தட்டச்சு செய்வதற்கு இதனால் தடையில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ்99 விசைப்பலகையை எந்தப் பதிப்பிலும் சேர்க்கலாம். தமிழில் கடிதம் எழுதலாம், தமிழ் இணையதளங்களைப் படிக்கலாம். அடைபட்டிருப்பது கணினி நம்மோடு பேசும் மொழி. வட்டில் இடம் தீர்ந்துவிட்டது, கடவுச்சொல் தவறு, இந்தக் கோப்பு ஆபத்தானதாக இருக்கலாம், இதை நிரந்தரமாக அழிக்கவா என்று கணினி கேட்கும் கேள்விகள் அனைத்தும் அந்த மொழியில்தான் வரும். ஆங்கிலம் சரளமாகத் தெரியாத ஒருவர் மிக அதிகமாகத் தடுமாறுவது இந்த இடங்களில்தான். மோசடிக்காரர்கள் ஏய்ப்பதும் இந்த இடங்களில்தான், ஏனெனில் உண்மையான எச்சரிக்கைக்கும் போலி எச்சரிக்கைக்கும் வேறுபாடு காண்பதற்குத் திரையில் எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

தமிழில் விண்டோஸை யார் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வி உடனே எழும். தமிழ்நாட்டிலேயே ஆங்கிலத்தில்தானே வைத்திருக்கிறார்கள், அந்தமானில் ஊர்ப்பொதுமொழி இந்தி, அலுவல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது, பிறகு எதற்குத் தமிழ் என்பார்கள். தமிழ் இடைமுகத்தின் மொழிபெயர்ப்பு பல இடங்களில் கரடுமுரடாக இருக்கிறது, பழகிய ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல் குழப்புகிறது என்ற புகாரிலும் நியாயம் உண்டு. இருந்தாலும் இந்த வாதம் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போடுகிறது. வாங்கும்போதே பூட்டி வரும் ஒன்றை யாரும் பயன்படுத்தவில்லை என்பது, அது வேண்டாதது என்பதற்குச் சான்றாகாது. கைபேசியைப் பாருங்கள். முதன்முறை திறந்ததும் அது கேட்கும் கேள்வி எந்த மொழி என்பதே. ஆங்கிலத்தை விட்டு விலகி நின்ற பெருங்கூட்டம் இணையத்துக்குள் வந்தது கைபேசி வழியாகத்தான். கணினி வழியாக அல்ல. டெய்ரி ஃபார்மில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவருக்குத் தமிழும், அடுத்த வீட்டில் வங்காளம் மட்டுமே தெரிந்தவருக்கு வங்காளமும், இருவரின் பிள்ளைகளுக்கும் இந்தியோ ஆங்கிலமோ ஒரே கணினியில் வெவ்வேறு பயனர் கணக்குகளில் கிடைக்க முடியும். முழு ஹோம் பதிப்பில் இது இன்றைக்கே நடக்கும்.

கைபேசி இப்படி மாறியதில் சந்தைக்குப் பங்கு உண்டு, அரசுக்கும் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 16333 தரநிலையின் மூன்றாம் பகுதியை 2016இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கட்டாயமாக்கியது. இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு கைபேசியும் 22 அட்டவணை மொழிகளின் எழுத்துகளையும் காட்ட வேண்டும். ஆங்கிலம், இந்தி, இவற்றோடு குறைந்தது இன்னோர் இந்திய மொழி ஆகியவற்றில் உள்ளிட வழி தர வேண்டும் என்பது அதன் சாரம். உற்பத்தியாளர்கள் முதலில் கால அவகாசம் கேட்டார்கள். பிறகு செய்து கொடுத்தார்கள். சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள கைபேசிக்கு விதிக்க முடிந்ததை, பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் மடிக்கணினிக்கு ஏன் விதிக்கவில்லை? எழுத்தைக் காட்டுவதும் உள்ளிடுவதும் கணினியில் முன்பே இருக்கிறது. மிச்சம் இருப்பது இடைமுக மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அதற்கான மொழிபெயர்ப்பையும் மைக்ரோசாஃப்ட்டே செய்து வைத்திருக்கிறது. புதிதாக ஒரு வேலையும் இல்லாத நிலையில், பூட்டை எடுப்பதற்கு மட்டும் தயக்கம் ஏன் என்பதுதான் புரியவில்லை.

மொழிக்கு அடுத்தபடியாக இந்தத் தீவுகளைத் தாக்கிய வேறுபாடு, அப்டேட்டைப் பற்றியது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளிவந்தபோது ஹோம் பதிப்பில் அப்டேட்டைத் தள்ளிப்போட வழியே இல்லை, புரோவில் இருந்தது. அந்த நேரத்தில் அந்தமானின் இணையம் முழுவதும் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. தீவுகளின் மொத்தத் தேவைக்கும் சேர்த்து மிகக் குறுகிய அலைவரிசையே இருந்த காலத்தில், சில ஜிபி அளவுள்ள கோப்புகளைக் கேட்காமலேயே இறக்கத் தொடங்கும் கணினி அந்த வீட்டின் இணையத்தை நாள்கணக்கில் விழுங்கிவிடும். அதோடு நிற்கவில்லை. விண்டோஸ் 10இன் ஹோம், புரோ பதிப்புகள் தாம் இறக்கிய அப்டேட்டை இணையத்தில் உள்ள முகம் தெரியாத பிற கணினிகளுக்கும் பகிர்ந்தளிக்கும்படி இயல்பாகவே அமைக்கப்பட்டிருந்தன. அதே வசதி என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் நிறுவனத்தின் உள் வலையமைப்புக்குள் மட்டும் நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. பெரு நிறுவனத்தின் இணையம் மதிப்புள்ளது, அதைக் கேட்காமல் தொடக் கூடாது என்று தெரிந்திருந்தவர்களுக்கு, தீவில் ஒவ்வொரு எம்பிக்கும் காத்திருந்த குடும்பத்தின் இணையமும் மதிப்புள்ளது என்று தோன்றவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டதே என்பது நியாயமான மறுமொழி. சென்னையையும் அந்தமான் நிக்கோபாரையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை வடத்துக்கு 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளம், சுமார் 1,224 கோடி ரூபாய் செலவு. பிஎஸ்என்எல் நிறைவேற்றிய அந்தத் திட்டம் ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய இடங்களையும் இணைத்தது. தீவு மக்களின் நீண்டகாலக் கோரிக்கை நிறைவேறிய நாள் அது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. விண்டோஸ் பக்கமும் ஒரு திருத்தம் வந்தது: 2019இல் வந்த வெளியீட்டிலிருந்து ஹோம் பயனர்களும் அப்டேட்டை 35 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். ஆனால் புரோ பயனருக்குப் பெரிய அப்டேட்டுகளை 365 நாள் வரை ஒத்திவைக்கும் உரிமை இருக்கிறது. 35 நாளுக்கும் 365 நாளுக்கும் நடுவே எந்தப் பொறியியல் காரணமும் இல்லை. மேலும் கடல்வடம் ஊர் வரைக்கும்தான் வரும். வீட்டுக்குள் வருவது மாதச் சந்தாவும் மொபைல் டேட்டாவும்தான். இணையத்துக்குக் காசு எண்ணிச் செலவழிக்கும் வீட்டில், எப்போது எதை இறக்குவது என்ற முடிவு அந்த வீட்டாரிடம் இருக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடுவது ஆபத்து என்ற எச்சரிக்கையில் உண்மை உண்டு. அதை நானும் வலியுறுத்துவேன். ஒத்திவைக்கும் உரிமை வேண்டும் என்று நான் கேட்பது பெரிய பதிப்பு மாற்றங்களுக்குத்தான்.

பாதுகாப்புக்கு வருவோம். பதிப்பு வேறுபாடுகளில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். மடிக்கணினி தொலைந்தால் அல்லது திருடு போனால், அதிலுள்ள ஆதார் நகல், வங்கி விவரம், குடும்பப் புகைப்படம் எல்லாம் எடுத்தவர் கைக்குப் போகாமல் காப்பது வட்டுக் குறியாக்கம். புரோ வைத்திருப்பவர் பிட்லாக்கரைத் தன் விருப்பப்படி இயக்கி, மீட்புச் சாவியைத் தாளில் அச்சடித்தோ பென் டிரைவில் வைத்தோ தானே பாதுகாக்கலாம். பென் டிரைவையும் குறியாக்கம் செய்யலாம். ஹோமில் இருப்பது டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற சுருக்கப்பட்ட வடிவம். வன்பொருள் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால்தான் அது முழுமையாகச் செயல்படும். மீட்புச் சாவியும் அந்தக் கணக்கிலேயே போய் அமரும். பென் டிரைவைக் குறியாக்கம் செய்யும் வசதி கிடையாது. விண்டோஸ் 11 ஹோமை முதன்முறை அமைக்கவே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கட்டாயம் என்பதை 2021இல் விதியாக்கினார்கள். 2022இல் தனிநபர் பயன்பாட்டுக்கான புரோவுக்கும் அது வந்தது. கடையில் அமைத்துக் கொடுத்தவர் தொடங்கிய கணக்கு எது, அதன் கடவுச்சொல் என்ன என்று தெரியாத குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய வட்டு பூட்டப்பட்டிருப்பதும் சாவி இன்னாரிடம் இருக்கிறது என்பதும், ஒருநாள் நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கணினி கேட்கும்போதுதான் தெரியவருகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் தரப்படும் ஒன்று, அதைப் புரிந்துகொண்டு கையாளும் கருவிகள் இல்லாமல் தரப்பட்டால், உடைமையை இழக்கும் வழியாகவே முடியும்.

ரிமோட் டெஸ்க்டாப் போன்றவற்றை இந்த வரிசையில் சேர்க்க நான் விரும்பவில்லை. ஹோம் கணினியை உள்ளமைந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வெளியிலிருந்து இயக்க முடியாது என்பது, பழுது பார்ப்பவர் வேறு தீவிலோ சென்னையிலோ இருக்கும் ஊரில் ஒரு குறைதான். ஆனால் குயிக் அசிஸ்ட் எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது, அது பெரும்பாலான தேவைக்குப் போதும். குரூப் பாலிசி, டொமைன் இணைப்பு, ஹைப்பர்-வி, 2 டிபி ரேம் ஆகியவை நிறுவனங்களுக்கு உரியவை. நூறு கணினிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகித்து ஆள் செலவை மிச்சப்படுத்தும் நிறுவனம் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறே இல்லை. பதிப்பு என்ற ஏற்பாட்டையே ஒழிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆப்பிளின் மேக் ஓஎஸ்ஸுக்கு ஒரே பதிப்புதான் என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே இயங்குதளத்தின் விலை வன்பொருளின் விலைக்குள் கரைந்திருக்கிறது. அந்த வன்பொருளை டெய்ரி ஃபார்மின் பெரும்பாலான வீடுகள் வாங்கப் போவதில்லை. ஆகவே அந்த ஒப்பீடு இங்கே உதவாது.

விலையைப் பொறுத்த வாதத்தை இங்கேயே எதிர்கொள்ள வேண்டும். பெரிய நிறுவனம் அதிகம் கொடுப்பதால்தான் சாதாரணக் குடும்பத்துக்கு மலிவாகக் கிடைக்கிறது, வேறுபாடுகளை அகற்றினால் எல்லோருக்கும் விலை ஏறும் என்கிறார்கள். பொருளாதாரத்தில் இது ஏற்கப்பட்ட தர்க்கம். ஒரே மென்பொருளை வெவ்வேறு வகை உரிமங்களில் வெவ்வேறு விலைக்கு மைக்ரோசாஃப்ட் விற்பதை எதிர்த்து சிங்கானியா அண்ட் பார்ட்னர்ஸ் என்ற சட்ட நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்திடம் கொண்டுபோன புகாரும் 2012இல் விதிமீறல் இல்லை என்றே முடிந்தது. விலை வேறுபாடு சட்டவிரோதம் அல்ல என்பதை ஏற்றுக்கொண்டே பேசலாம். அந்த வழக்கின் மையம் விலை, மொழி அல்ல. வணிகப் பயனர் புரோவை வாங்குவது தமிழில் திரை வேண்டும் என்பதற்காக அல்ல. டொமைனுக்காகவும் குரூப் பாலிசிக்காகவும்தான். எனவே மொழிப் பூட்டை எடுப்பதால் புரோவின் விற்பனை குறைய வழியில்லை. மடிக்கணினி ரசீதில் விண்டோஸின் விலை தனியே காட்டப்படுவதும் இல்லை. சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பால் தனக்கு எவ்வளவு மிச்சம் என்று வாங்குகிறவர் எந்தக் காகிதத்திலும் பார்க்க முடியாத நிலையில், உங்களுக்காகத்தான் மலிவாக்கினோம் என்று சொல்வதை நம்பச் சொல்வது நியாயமாகாது.

ஒரே மென்பொருளின் ஆயுள்கூடப் பதிப்பைப் பொறுத்து மாறுகிறது என்பது 2025இல் எல்லோருக்கும் தெரிந்துபோனது. அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 ஹோம், புரோ ஆகியவற்றுக்கான ஆதரவு முடிந்தது. பழைய பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத மதர்போர்டும் கொண்ட கணினிகள் விண்டோஸ் 11க்கு மாற அதிகாரபூர்வமாக வழியில்லை. ஆனால் அதே விண்டோஸ் 10இன் நீண்டகால ஆதரவுக்கான என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 பதிப்புக்கு 2027 ஜனவரி வரையும், இயந்திரங்களிலும் கருவிகளிலும் பொருத்தப்படும் ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரையும் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. திருத்தம் எழுதப்படப் போகிறது. வீட்டுக் கணினிக்குக் கொடுக்கப்பட மாட்டாது. தனிநபர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பாக 30 டாலர் கட்டணம், அல்லது கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதம், அல்லது அந்நிறுவனத்தின் 1,000 வெகுமதிப் புள்ளிகள் என்று அறிவித்தார்கள். ஐரோப்பாவின் நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்தன. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வாழ்வோருக்கு இந்த நிபந்தனைகள் தளர்த்தப்பட்டு, நீட்டிப்பு இலவசமாயிற்று. இது முதல் முறையும் அல்ல. 2004இல் ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ் பதிப்பைத் தனியே வெளியிட வைத்தது. அண்மையில் வந்த டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தால், அங்கே எட்ஜ் உலாவியை நீக்கவும் முடிகிறது. எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது, யாருக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் கேட்பவரின் குரலுக்கு ஏற்ப மாறுகிறது. இந்தியா இதுவரை மொழிக்காகக் கேட்கவில்லை.

லினக்ஸுக்கு மாறிவிடுங்கள், பூட்டும் இல்லை, பணமும் இல்லை என்று சொல்வோர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை மதிக்கிறேன். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழ் உட்பட இந்திய மொழிகள் விலையில்லாமல் கிடைக்கின்றன. தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியபோது விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டன. கேரள அரசுப் பள்ளிகள் மாநில அரசின் கைட் நிறுவனத்தின் லினக்ஸிலேயே, மலையாள இடைமுகத்தோடு, பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகின்றன. தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி, ஆங்கிலம் எனப் பல பயிற்றுமொழிகளில் பள்ளி நடத்தும் அந்தமான் நிர்வாகத்துக்குக் கேரளம் மிகப் பொருத்தமான பாடம். ஒரே வகுப்பறைக் கணினி காலையில் ஒரு மொழியிலும் மதியம் இன்னொரு மொழியிலும் திறக்க முடியும். ஆனால் கடை வைத்திருப்பவரின் கணக்கு டேலி என்ற கணக்கியல் மென்பொருளில் இருக்கிறது. அது விண்டோஸுக்கென எழுதப்பட்டது. பழகிய பிரிண்டரும் பழகிய மென்பொருளும் விண்டோஸையே கேட்கின்றன. மாற்று இருக்கிறது என்பதற்காக, மாற முடியாதவரின் உரிமையைக் கைவிட்டுவிட முடியாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரம், அளவு, விலை முதலியவற்றை அறியும் உரிமையை வாங்குகிறவருக்குத் தருகிறது. விற்கப்படும் விண்டோஸ் எந்தப் பதிப்பு, எத்தனை மொழிகளுக்கு உரிமம், எந்தத் தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் என்ற மூன்றையும் பெட்டியின் மேலும் இணையக் கடைகளின் பக்கத்திலும் அச்சிட வைக்க மத்திய அரசு இந்தச் சட்டத்தின் வழியே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஐஎஸ் 16333ஐ மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் விரிவாக்கி, 22 மொழிகளில் எவற்றுக்கு இடைமுகம் தயாராக இருக்கிறதோ அவை அனைத்தும் எல்லாப் பதிப்பிலும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும் என்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் விதிக்க வேண்டும். அதற்குக் காத்திராமல், அந்தமான் நிக்கோபார் நிர்வாகமும் தமிழ்நாட்டு அரசும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி வாங்கும் டெண்டரில் மொழி முடக்கப்பட்ட பதிப்பு ஏற்கப்படாது என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் எடிஷன் என்ற இடத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். அடுத்த மடிக்கணினி வாங்கும்போது, காசு கொடுப்பதற்கு முன், இது எந்தப் பதிப்பு, தமிழுக்கு மாற்ற முடியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.